நிரல் எழுதத் தெரியாத நிர்வாகி

1931ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிராக்டர் அண்டு காம்பிள் கம்பெனியில் காமே சோப்பின் விளம்பரங்களைக் கவனித்து வந்த நீல் மெக்எல்ராய் என்பவர், ஒவ்வொரு சரக்கின் வளர்ச்சிக்கும் வீழ்ச்சிக்கும் முழுப் பொறுப்பேற்கும் ஆட்கள் தனித்தனியே வேண்டும் என்று மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். இன்று மென்பொருள் கம்பெனிகளில் புராடக்ட் மேனேஜர் என்று வழங்கும் உத்தியோகத்தின் வம்சாவளியை அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்குவது வழக்கம். மெக்எல்ராய் கற்றது பொருளாதாரமேயன்றி ரசாயனம் அன்று. ஆகவே, ஒரு பொருளைத் தம் கையால் செய்ய அறியாதவரும் அதன் போக்கை நிர்ணயிக்கலாம் என்னும் கொள்கை அந்த உத்தியோகத்துடன் கூடவே பிறந்தது எனலாம். அக்கொள்கை மென்பொருள் தொழிலுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு நம் விசாரணைக்கு உரியது.

நிரல் அறியாதவர் நிர்வகிக்கும் இவ்வேற்பாட்டின் குணத்தை முதலில் சொல்லவேண்டும். ஒரு கருவியைப் பயன்படுத்தப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதன் உள்ளமைப்பை அறியாதவர்கள். நிரலின் நுட்பத்தில் தோய்ந்துபோன பொறியாளருக்கோ, அந்த அறியாமையை மனத்தால் கற்பித்துக்கொள்வதும் கடினம். நிர்வாகி இயல்பாகவே அவர்கள் நிற்கும் இடத்தில் நிற்கிறார். இது யாருக்குப் பயன்படும், எந்தக் கஷ்டத்தை நீக்கும் என்று அவர் கேட்கும் எளிய கேள்விகள், பயனற்ற பல மாத உழைப்பைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடக் கூடியவை.

ஆனால், திரையில் தெரிவதைக்கொண்டே வேலையின் அளவை மதிப்பது இவ்வேற்பாட்டின் பெருங்குறை. ஒரு சிறு பொத்தானைச் சேர்ப்பது டேட்டாபேஸின் அஸ்திவாரத்தையே அசைக்கலாம். பிரமாண்டமாகத் தோன்றும் மாற்றம் ஒரு பிற்பகலில் முடியலாம். இவ்வுண்மையை உணராத நிர்வாகி, பொறியாளர் உத்தேசமாகச் சொன்ன காலத்தை வாக்குறுதியாகக் கொண்டு, அதிலும் பேரம் பேசிப் பாதியாக்கி, கெடு தவறும்போது மேலும் நாலு பேரைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார். ஐபிஎம் கம்பெனியில் ஓஎஸ்/360 என்னும் பெரிய மென்பொருளை நிர்வகித்த பிரெட் புரூக்ஸ், தாமதமான பணியில் ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்று 1975இலேயே எழுதினார். ஐவர் கூடி வேலை செய்தால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 10. பதின்மராயின் அவை 45.

அப்படியானால் பொறியியல் கற்றவரையே நிர்வாகியாக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். அது அரை உண்மைதான். 1986 ஜனவரி 27ஆம் தேதி இரவு, சாலஞ்சர் விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோக்கல் கம்பெனியின் பொறியாளர்கள், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகிவிடும் என்பதால் ஓடத்தை மறுநாள் ஏவலாகாது என்று வாதாடினர். அங்கே பொறியியல் பிரிவின் துணைத் தலைவராக இருந்தவரையே, பொறியாளராக அன்றி நிர்வாகியாக யோசிக்கும்படி அவருடைய மேலதிகாரி சொல்ல, அவரும் இணங்க, மறுநாள் ஏவப்பட்ட ஓடம் சிதறி, அதிலிருந்த எழுவர் உயிரிழந்தனர். கல்வி அங்கே இல்லாமற் போகவில்லை. அறிந்தவர் சொல்லைச் சாட்சியமாக மதிக்கும் விவேகமே இல்லாமற் போயிற்று.

‘எது, ஏன்’ என்பதை நிர்வாகி சொல்லட்டும், ‘எப்படி’ என்பதைப் பொறியாளர் தீர்மானிக்கட்டும் என்று இத்தொழிலில் பரவலாக உபதேசிக்கப்படும் எல்லைப் பிரிவினையும் எனக்குப் பூரண திருப்தி அளிப்பதில்லை. கடைக்காரர்களுக்கான ஒரு கணக்கு மென்பொருளில், விற்பனைத் தொகை நொடிக்கு நொடி மாறிக் காட்டவேண்டும் என்று நிர்வாகி கேட்பதாக வைத்துக்கொள்வோம். எல்லை தாண்டாத பொறியாளர், அமைப்பையே மாற்றி இரண்டு மாதம் உழைப்பார். ஆனால், ‘இதற்கு இரண்டு மாதம் பிடிக்கும், கடைக்காரர் இத்தொகையை எப்போது பார்க்கிறார்?’ என்று அவர் கேட்டு, ‘காலையில் கடை திறக்கும்போது ஒரு முறை’ என்று நிர்வாகி பதில் சொன்னால், இரவில் ஒரு தடவை கூட்டிவைத்தாலே போதும் என்பது புலப்பட்டு, இரண்டே நாளில் காரியம் முடியும். கடைக்காரரின் பழக்கம் ஒருவருக்குத் தெரியும்; வேலையின் விலை மற்றவருக்குத் தெரியும்; இரண்டும் ஒரே சம்பாஷணையில் சந்தித்தாலன்றி அந்த வழி இருவருக்கும் புலப்படாது. வியாபாரம் அறிந்தவர்களும் நிரல் எழுதுவோரும் தினந்தோறும் கூடி உழைக்கவேண்டும் என்று 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அஜைல் பிரகடனத்தின் கோட்பாடுகளுள் ஒன்று வற்புறுத்துவதன் நியாயமும் இதுவே.

ஆகவே நிர்வாகி, தீர்வைக் கையில் கொண்டுவராமல் தேவையை முழுமையாகக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு விருப்பத்துக்கும் விலை கேட்கவேண்டும். கேட்ட விலையை நம்பவேண்டும். பொறியாளருக்கும் ஒரு கடமை உண்டு. அவசரத்தில் எழுதிய நிரலின் பின்விளைவை 1992இல் வார்டு கன்னிங்ஹாம் என்ற நிரலாளர் ‘கடன்’ என்று விளக்கியதால், வட்டி என்றால் என்னவென்று அறிந்த எவருக்கும் அது விளங்கிற்று. அப்படி விளங்கச் சொல்லாமல், ‘முடியாது’ என்ற ஒரே சொல்லுடன் நிறுத்திக்கொள்பவர், பிறர் அறியாமையைக் குறைகூறும் உரிமையை இழக்கிறார்.

நிரல் எழுத அறியாமை ஒரு குற்றம் அன்று. முறையாகப் பயன்படுத்தினால் அது பலமே. ஆனால், அறியாததைப் பதவியின் பலத்தால் மூடி மறைக்கும் நிர்வாகி, தம்முடைய ஒரே பலத்தையும் தாமே அழித்துவிடுகிறார்.