ஒரு பெட்டி, பல பேனல்கள்

கிராஃபானா டேஷ்போர்டின் உச்சியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் 80-ஐ அழித்துவிட்டு 90 என்று அடித்தால், கீழே சிபியு அட்டவணையிலிருந்து சில சர்வர்கள் மறையும். உண்மையிலேயே மூச்சு முட்டுபவை மட்டும் மிஞ்சும்.

ஸ்வீடனைச் சேர்ந்த டோர்கெல் ஒடிகார்ட் 2014-இல் வெளியிட்ட மென்பொருள் கிராஃபானா. அந்தப் பெட்டியின் எண்ணைத் தாங்கும் வேரியபிள் அதில் பழைய சரக்கு. டிரான்ஸ்ஃபர்மேஷன் 2020-இல், 7.0 பதிப்போடு வந்தது. தரவுத்தளம் தந்த விடையை, வரைவதற்கு முன் பிரவுசரிலேயே வடிகட்டி, கூட்டி, வகுத்துத் தருவது அதன் வேலை. தொடக்கத்தில் வடிகட்டும் வரம்பை எண்ணாகவே எழுத வேண்டியிருந்தது. மாற்றுவதென்றால் பேனல் பேனலாகத் திறக்க வேண்டியிருந்தது. சலிப்பான வேலை!

இப்போது அந்த எண்ணின் இடத்தில் டாலர் குறியும் வேரியபிளின் பெயரும் போதும். வட்டு நிரம்பும் அளவோ, பதில் தாமதமோ, வரம்பைப் பார்ப்பவரே மாற்றிக்கொள்ளலாம். எடிட் அனுமதிகூட வேண்டாம்.

ஆனால் ஒன்று: இங்கே வடிகட்டினாலும் தரவு முழுவதும் பிரவுசருக்கு வந்தே தீரும். லட்சக்கணக்கான வரிசைகள் என்றால் அதே வேரியபிளைத் தரவுத்தளத்துக்குப் போகும் குவெரியில் வைப்பதே புத்திசாலித்தனம். வரிசைகள் எங்கே தொலைந்தன என்று குழம்பினால், ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர்மேஷனிலும் உள்ள பூச்சிச் சின்னத்தை அழுத்தலாம்: உள்ளே போனதும் வெளியே வந்ததும் அருகருகே தெரியும்.