மகசர் என்னும் கதையாடல்

போலீசின் சோதனை மகசரை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. வாசித்தாக வேண்டும். ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும் வல்லமை கொண்ட உரைநடை அது.

சோதனை நடக்கும் பகுதியில் குடியிருக்கும் 'சார்பற்ற, மதிப்புக்குரிய' இருவரையாவது சாட்சியாக அழைக்க வேண்டும் என்றது 1973ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 100(4). 'மதிப்புக்குரிய' என்ற சொல் 1898 சட்டத்திலேயே உண்டு. 2023இன் புதிய சட்டத்திலும், பிரிவு 103இல், அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யாருக்கு மதிப்பு? யார் கொடுத்த மதிப்பு?

செஞ்சிப் பக்கம் அனந்தபுரத்துல, சேரி வீடு ஒண்ணுல பூந்து ஆயுதம் எடுத்தோம்னு சொல்றாங்கன்னு வச்சுக்குவோம். தெருவே நின்னு பாத்திருக்கும். ஆனா மகசர்ல கையெழுத்து யாருது? ஊர்த்தெரு ஆளுது, இல்லேன்னா கிராம நிர்வாக அலுவலரும் அவரோட உதவியாளரும். உள்ளூரில் ஆள் கிடைக்காவிட்டால், வர மறுத்தால், வேறு பகுதி ஆளை அழைக்கலாம் என்று அதே பிரிவு வழிவிடுகிறது. அந்த வழியாகத்தான் சாதி உள்ளே வருகிறது. கண்ணிருந்தும் சேரி சாட்சியாவதில்லை.

தடா சட்டத்தின் 5ஆம் பிரிவில், ஆயுதம் வைத்திருந்ததாகப் பெற்ற தண்டனைகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததுண்டு. 1995இல் அமர்ஜித் சிங் வழக்கில், பிடிபட்டதாகச் சொன்ன ரிவால்வருக்கு அந்த இடத்திலேயே முத்திரை வைக்கவில்லை. 1996இல் சாஹிப் சிங் வழக்கில், அக்கம்பக்கத்து ஆட்கள் இருந்தும் போலீஸ் அழைக்க முயலவே இல்லை. இரண்டும் பஞ்சாப் வழக்குகள்.

நல்ல தீர்ப்புகள்தாம். ஆனால் இரண்டாவது தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது: அழைத்தும் யாரும் வராவிட்டால், அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் போலீஸ் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. அடுத்த மகசர் எழுதுகிறவருக்கு இது போதும். 'கூப்பிட்டோம், யாரும் வரலை' என்று ஒரு வரி சேர்த்தால் ஓட்டை அடைபட்டது. மேலும், சாட்சியம் பலவீனம் என்று சொல்லி ஆளை விடுவதோடு விசயம் முடிந்துபோகிறது. ஆயுதம் அங்கே எப்படி வந்தது என்ற கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. 'சந்தேகத்தின் பலன்' விடுதலை தரும். உள்ளே கிடந்த வருசங்களுக்கு எந்த நியாயமும் தராது.

2024 ஜூலை 1 முதல் சோதனையை வீடியோ எடுப்பது கட்டாயம், பிரிவு 105. சரி, கேமரா எப்போ ஓட ஆரம்பிக்குது? கதவு தட்டும்போதா, ஆயுதம் தரையில கெடக்கும்போதா?

எனவே நம் வக்கீல்கள் மகசரைக் கீழேயிருந்து மேலே படிக்கட்டும்: முதலில் கையெழுத்து, அப்புறம் கதை. கையெழுத்துப் போட்டவர் எந்தத் தெரு? பார்த்து நின்ற சேரி சனம் எதிர்த்தரப்புச் சாட்சியாகக் கூண்டேறட்டும். மதிப்பு யாரும் கொடுத்து வாங்குறது இல்ல.