அறுபத்து நான்கு வாக்குகள்

சதுரங்கப் பலகையிலே 64 கட்டங்கள். அங்கே சாதி இல்லை, சலுகை இல்லை, சிபாரிசுச் சீட்டுக்கு மதிப்பில்லை. அமைச்சர் வீட்டுப் பிள்ளை ஆடினாலும், ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஆடினாலும், குதிரை ஒரே முறையில்தான் பாயும். யானை நேர்கோட்டில்தான் செல்லும். காலாளுக்குக்கூட அங்கே ஒரு வாழ்வு உண்டு. ஊர்ந்து ஊர்ந்து எட்டாம் வரிசையை எட்டிவிட்டால், அவனே அரசியாக மாறி ஆட்டத்தை ஆளலாம். பிறப்பால் வந்த பெருமை எதுவும் செல்லுபடியாகாத பலகை அது.

அந்த ஆட்டத்தை ஆள்வதற்கென்று அமைந்த அனைத்திந்திய சதுரங்கக் கூட்டமைப்பிலும் ஒரு 64 உண்டு. 2021 ஜனவரியில் நடந்த தேர்தலில் அதன் தலைவர் பெற்ற வாக்கு 33. எதிர்த்து நின்றவர் பெற்றது 31. செயலாளர் பெற்றது 35. எதிர்த்தவர் பெற்றது 29. கூட்டிப் பாருங்கள், இரண்டும் 64. மாநிலச் சங்கம் ஒன்றுக்கு இரண்டு வாக்கு என்ற கணக்கிலே பிறந்த 64 அது. காஷ்மீரத்திலிருந்து குமரி வரை பரந்த ஒரு நாட்டின் சதுரங்க உலகம், ஒரு திருமணப் பந்தியில் அடங்கிவிடக்கூடிய எண்ணிக்கையினரால் தீர்மானிக்கப்படுகிறது!

அந்த 64-ல் ஆட்டக்காரனின் வாக்கு எது? ஒன்றுகூட இல்லை. ஆட்டக்காரர் ஒருவர் சங்கப் பதவி பெற்று, அதன் சார்பாளராக வந்து வாக்களிக்கலாம். ஆனால் ஆட்டக்காரன், ஆட்டக்காரன் என்ற அந்தத் தகுதியில், தன்னை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1951-ல் தோன்றியது இந்தக் கூட்டமைப்பு. 1961-ல் மானுவல் ஆரோன் நாட்டின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988-ல் விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலகப் பட்டம் சூடினார். ஆட்டம் மலையேறி முடியைத் தொட்டது. ஆடுபவனின் உரிமையோ அடிவாரத்திலே அமர்ந்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியன் நான். அரங்கத்துக்கு வெளியே, மர நிழலில், சோற்றுப் பாத்திரத்தோடு காலை முதல் மாலை வரை காத்திருக்கும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். பயணச் செலவு அவர்களுடையது. நுழைவுக் கட்டணம் அவர்களுடையது. பயிற்சிச் செலவும் அவர்களுடையது. "உங்கள் மாவட்டச் சங்கத்தின் வாக்காளர் பட்டியலைப் பார்த்ததுண்டா?" என்று அவர்களைக் கேளுங்கள். பட்டியல் என்று ஒன்று உண்டா என்று திருப்பிக் கேட்பார்கள்! மாவட்டம், மாநிலம், மத்தியம் என மூன்று படிகள். முதற்படி எங்கே இருக்கிறதென்றே தெரியாதவர்க்கு மூன்றாம் படியிலே முடிசூட்டு விழா நடக்கிறது என்றால், அதைப் பிரதிநிதித்துவம் என்று அழைப்பது எப்படி?

வாக்கில்லாதவன் நிலை என்னவாகும் என்பதற்குக் கற்பனை வேண்டியதில்லை; ஏடுகளில் பதிவான சான்றே இருக்கிறது. கூட்டமைப்பின் ஒப்புதல் பெறாத போட்டிகளில் ஆடமாட்டேன் என்று ஆட்டக்காரர்கள் உறுதிமொழி எழுதித் தரவேண்டும் என விதி செய்தார்கள். மீறியவர்க்குத் தடை, பாடுபட்டுச் சேர்த்த தரப்புள்ளி நீக்கம். ஆட்டக்காரர் நால்வர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டனர். 2018-ல் அந்த ஆணையம், கூட்டமைப்பு தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று கண்டு, ஏறத்தாழ 7 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. எண்ணிப் பாருங்கள். வாக்குரிமை இருந்திருந்தால் அந்த விதியை இயற்றியவர்களை அடுத்த தேர்தலிலே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அது இல்லாததால், வணிக நிறுவனங்களின் ஆதிக்கத்தை விசாரிக்க ஏற்பட்ட மன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. வாக்கு இருக்கவேண்டிய இடத்தில் வழக்கு வந்து உட்கார்ந்தது.

ஆட்டக்காரர்தாம் வழக்காடினார்கள் என்று எண்ணவேண்டாம். ஆள்வோரும் ஆடினார்கள் அந்த ஆட்டம்! 2020-ல் தலைவர் ஓர் அணி, செயலாளர் ஓர் அணி என்று கூட்டமைப்பு இரண்டுபட்டு நீதிமன்றம் ஏறிற்று. 2021 தேர்தலுக்குப் பின்னும் ஓயவில்லை. 2011-ன் தேசிய விளையாட்டு நெறிமுறைத் தொகுப்பின்படி, பதவியில் இருப்பவர் மீண்டும் வரவேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெறவேண்டும். 64-ல் அதற்கு 43 வேண்டும். செயலாளர் பெற்றதோ 35. 2022 ஜூன் 2 அன்று, அவர் பதவியில் தொடர இயலாது என்றது டில்லி உயர்நீதிமன்றம். ஜூலை 28-ல் சென்னையிலே செஸ் ஒலிம்பியாட் தொடங்க வேண்டும். 180-க்கும் மேற்பட்ட நாடுகள் மாமல்லபுரம் நோக்கி வந்துகொண்டிருந்தன. விருந்தினர் வாசலிலே, வீட்டுக்காரர் வழக்கிலே! போட்டியை முன்னிட்டு, ஆகஸ்ட் 15 வரை அவர் நீடிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் இசைந்த பிறகே சிக்கல் தற்காலிகமாகத் தீர்ந்தது.

இங்கே மனிதர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று, விதியைத்தான் விசாரிக்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை எதற்காக வந்தது? நாற்காலியோடு ஒட்டிக்கொள்வோரை நகர்த்துவதற்காக. நோக்கம் நல்லது. ஆயினும் 64 பேர் மட்டுமே வாக்காளராக உள்ள மன்றத்தில் அது என்ன செய்கிறது? 22 வாக்குகளைக் கையில் வைத்திருப்பவர், 42 வாக்குகளின் விருப்பத்தைத் தடுத்துவிடலாம். பெரும்பான்மைக்கு அஞ்சிச் சிறுபான்மையிடம் சாவியைக் கொடுக்கிறது விதி. குளம் சிறியதாக இருக்கும்வரை, மடையை எப்படி மாற்றிக் கட்டினாலும் நீர் பெருகாது. 2024 மார்ச்சில் அடுத்த தலைவர் போட்டியே இன்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். 33க்கு 31 என்று முட்டிமோதிய இடத்தில் மூன்றாண்டில் முழு அமைதி! அது ஒற்றுமையாகவும் இருக்கலாம், உடன்பாடாகவும் இருக்கலாம். எதுவென்று சொல்லும் வாய்ப்பு ஆட்டக்காரனுக்கு அளிக்கப்படவில்லை என்பதே நம் குறை.

2025-ல் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. செயற்குழு 15 பேருக்கு மிகலாகாது; அதில் சிறந்த விளையாட்டு வீரர் இருவரேனும், பெண்கள் நால்வரேனும் இருக்கவேண்டும்; வழக்குகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்கிறது சட்டம். பெண்ணுக்கு நாற்காலி கேட்டுப் போராடிய மரபினர் நாம். இதை மனமார வரவேற்போம். ஆனால் பொதுக்குழுவின் அடித்தளம் இன்னும் சங்கங்களின் சார்பாளர்களே. வீரனுக்கு நாற்காலி தந்த சட்டம், வீரர்களுக்கு வாக்குச்சீட்டைத் தரவில்லை. ஒருவனை மேடையில் ஏற்றிவிட்டு ஆயிரவரை வாயிலில் நிறுத்துவது பாதிச் சீர்திருத்தமே.

"எல்லாரும் வாக்களித்தால் குழப்பம் அன்றோ?" என்பார் சிலர். பொதுத் தேர்தலில் எழுத்தறியாதவனுக்கு வாக்கா என்று பண்டு கேட்டவர்களின் குரல்தான் இது. எனினும் விடை சொல்வோம். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பில் சில நூறு சார்பாளரே ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுத்துவந்த காலம் உண்டு. நெடிய விவாதத்துக்குப் பின், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற முறைக்கு அவர்கள் மாறினார்கள். வாக்காளர் வயது 16. வானம் இடிந்து விழவில்லை. அதற்காக எல்லாம் இன்பமயம் என்றும் சொல்லமாட்டேன். உறுப்பினர் தொகை இலட்சத்தைத் தாண்டிய அந்த அமைப்பில் வாக்களிப்போர் சில ஆயிரவரே. 2007 தேர்தலைத் தொடர்ந்து ஆட்சிக்குழுவுக்கும் அதன் உறுப்பினருக்கும் இடையே வழக்குகள் மூண்டன. வாக்குரிமை மந்திரக்கோல் அன்று, கருவி. கருவி கையில் இருந்தும் பயன்படுத்தாதவனுக்கு அறிவுரை கூறலாம். கையையே கட்டிவைத்துவிட்டுக் கருவியைப் பழிப்பது நேர்மையாகாது.

இன்னொரு மறுப்பு, மதித்து விடையளிக்க வேண்டிய மறுப்பு. தலையெண்ணி வாக்களித்தால் ஆட்டக்காரர் மிகுந்த மாநிலங்கள் சிலவே ஆளும். வடகிழக்கின் சிறு மாநிலங்கள் குரலற்றுப் போகும் என்பது அது. உண்மை. மத்தியிலே குவியும் அதிகாரத்தைக் கண்டு அஞ்சுகிறவர்கள், நமக்கு ஆதாயம் என்பதற்காக இங்கே மட்டும் மாநிலச் சமன்மையை மறந்துவிடலாகாது. ஆனால் மாநிலத்தின் உரிமை வேறு, மாநிலச் சங்க நிர்வாகியின் உரிமை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் காப்பாற்றிக்கொள்ளும் தந்திரத்தைத்தான் எதிர்க்கிறோம்.

எனவே, செய்யவேண்டியவை நான்கு.

ஒன்று: மாநிலங்களின் சம வாக்கு அப்படியே இருக்கட்டும். அதனோடு பதிவுபெற்ற ஆட்டக்காரர் அனைவர்க்கும் நேர் வாக்குத் தருக. இரு வழியிலும் பெரும்பான்மை பெறுபவரே தலைவராகட்டும்.

இரண்டு: வாக்காளர் வயது 16 ஆகட்டும். 17 வயதிலே கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று உலகப் பட்டத்துக்கு அறைகூவல் விடுத்தார் குகேஷ். அந்த வயதுத் தலைக்கு வாக்களிக்கும் அறிவில்லை என்று சொல்லத் துணிபவர் யார்?

மூன்று: உறுப்பினர் பட்டியலையும் ஆண்டுக் கணக்கையும் வெளியிடாத சங்கத்துக்கு இணைப்பு இல்லை என்று விதி எழுதுக. இது மாவட்டத்திலிருந்தே தொடங்கவேண்டும். வேர் அழுகியிருக்கக் கிளைக்கு மருந்திடுவதால் பயனில்லை.

நான்கு: தனி ஆட்டக்காரனின் வாக்கு மறைவாக இருக்கட்டும், அச்சமின்றி அளிப்பான். சங்கத்தின் சார்பாளர் யாரை ஆதரிப்பது என்பதை மட்டும் அந்தச் சங்கம் கூடி வெளிப்படையாக முடிவு செய்யட்டும். பிறர் பொருளைக் கையாள்பவன் கணக்குக் காட்டியே தீரவேண்டும்.

விளையாட்டுக்குக்கூடவா இத்தனை அரசியல் என்று முகம் சுளிப்போர்க்கு ஒரு சொல். எந்தப் போட்டிக்கு ஒப்புதல், யார் அணியில் இடம், எவ்வளவு கட்டணம் என்பதை யாரோ முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அரசியல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, ஆட்டக்காரன்தான் இல்லை.

இளைஞர் தோழர்களே! விதி என்பது விண்ணிலிருந்து விழுந்ததன்று. மனிதர் எழுதியது, மனிதர் திருத்தக்கூடியது. உங்கள் ஊரிலே சதுரங்கம் ஆடும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களின் பெற்றோரை அழைத்துக்கொண்டு மாவட்டச் சங்கத்துக்குச் செல்லுங்கள். சட்டதிட்டப் புத்தகத்தைக் கேளுங்கள். உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். சென்ற ஆண்டின் வரவு செலவைக் கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், ஆனால் பதில் பெறாமல் திரும்பாதீர்கள்.