தனி டம்ளர்: 'முழுமையான பராமரிப்பு' என்னும் சொல்லாடல் குறித்து

1

எச்.ஐ.வி. பற்றிய அரசு ஆவணங்களையோ தன்னார்வ நிறுவன வெளியீடுகளையோ எதைப் புரட்டினாலும் 'முழுமையான பராமரிப்பும் ஆதரவும்' என்ற தொடர் வந்துவிடுகிறது. உடலுக்கு மருந்து, மனதுக்கு ஆலோசனை, வயிற்றுக்குச் சத்துணவு, குடும்பத்துக்கு உதவி என்று பட்டியல் நீளும். சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டுமில்லை, மனம், உறவுகள், ஆன்மா எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கிறது என்று சொல்லி அதை 'மொத்த வலி' என்றார் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ். இந்தத் தொடரின் வேர்களில் ஒன்று அது. நல்ல வேர்தான். பின்னே இதில் குறை சொல்ல என்ன இருக்குன்னு கேட்கலாம்.

இருக்கிறது. மனிதரைக் கூறுபோட்டு, கூறுக்கு ஒரு நிபுணரை நியமித்துவிட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் 'முழுமை' கிடைத்துவிடும் என்று நம்புகிற கணக்கு இது. இந்தக் கணக்கில் விடுபட்டுப்போவதைச் சொல்ல நான் ஒரு டம்ளரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

2

1996. இரட்டை டம்ளர் முறைக்கு எதிராக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம். பகலில் டீக்கடை வாசலில் கோஷம். இரவில் யாராவது ஒரு தோழர் வீட்டில் கூடி உடல், அதிகாரம், பூக்கோ என்று விடிய விடியப் பேச்சு. அந்தக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த தோழர் ஒருவர் ஆறேழு மாதமாக இளைத்துக்கொண்டே போனார். விடாத பேதி, இருமல். ஒருநாள் அவரே சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. 'நாங்க இருக்கோம் தோழர்' என்றோம். அவர் கிளம்பிய பிறகு அவர் குடித்த எவர்சில்வர் டம்ளர் தனியே எடுத்துவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்திலும் அவருக்கு அதில்தான் டீ. சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றித் துண்டறிக்கைகூடப் போட்டிருந்தோம். மூன்றாவது கூட்டத்தில் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இது என் டம்ளராப்பா?" யாரும் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு அவர் வரவில்லை. 1997இல் இறந்துபோனார்.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் சாவைத் தடுத்து நிறுத்தலாம் என்று வான்கூவர் மாநாட்டில் பேசப்பட்டது அதே 1996 ஜூலையில்தான். விலை, ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1. தோழரைக் கொன்றதில் காப்புரிமைக்கும் பன்னாட்டு மூலதனத்துக்கும் பங்குண்டு என்று எழுதலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் டம்ளரை ஒளித்துவைக்க முடியாது.

3

தனி டம்ளர் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அந்த இரத்தம், காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களுடையது. மருத்துவச் சாதனை என்பதில் ஐயமில்லை. பிறகு என்ன நடந்தது? தொற்றிருந்த பெண்களைக் காவல் காலம் முடிந்த பின்னும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நட்ராஜ் உயர் நீதிமன்றம் போன பிறகு, 1990இல்தான் விடுதலை கிடைத்தது. ஆக, நம் ஊரில் இவர்களுக்குக் கிடைத்த முதல் 'பராமரிப்பு' பூட்டிய கதவு.

2003இல் சுவர் சுவராகக் கேட்டார்கள், "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று. வாய்விட்டுப் பேசாத விசயத்தை அந்த விளம்பரம் பேசவைத்தது, சரி. கூடவே 'புள்ளிராஜா' தெருவில் ஒரு வசவாகவும் உலவியது. 'எப்படி வந்தது?' என்ற கேள்வி அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. புருசனால் வந்தது, ஊசியால் வந்தது, பிறக்கும்போதே வந்தது என்றால் 'அப்பாவி'. மற்றவர்கள்? 'அப்பாவி' என்று ஒருவரைச் சொல்லும்போதே பக்கத்தில் ஒரு குற்றவாளியை உற்பத்தி செய்துவிடுகிறோம். இரக்கத்தின் இலக்கணம் இது.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றிய இரத்தம் வழியே தொற்று வந்தது. தமிழகமே பதறியது. பதற வேண்டியதுதான். அந்த இரத்தத்தைக் கொடுத்த இளைஞரை யார் நினைத்தோம்? வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தன் நிலை தெரிந்ததும் அவரேதான் இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னவரைத் தாங்கிக்கொள்ள நம் 'முழுமை'யில் இடமில்லாமல் போனது.

4

இனி சட்டம். 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. ஒப்புதலின்றிப் பரிசோதனை கூடாது, ரகசியம் காக்க வேண்டும், வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்கிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் சிகிச்சை பற்றிய 14ஆம் பிரிவில் ஒரு சொல்லைச் செருகிவைத்திருக்கிறார்கள்: 'இயன்றவரை'. தினமும் தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரைக்கு இயன்றவரை என்றால் என்ன பொருள்? 2022 ஜூலையில் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து, டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் நாற்பது நாட்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது இதைத்தான்.

மருந்து இன்று நன்றாகவே வேலை செய்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு, சோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூட அது பரவாது. ஆனாலும் சென்ற ஆண்டு ஒரு கூட்டு மருந்து சிகிச்சை மையத்தின் வரிசையில் நின்ற அம்மா சொன்னது: "எங்க ஊர் பக்கத்துலயே மாத்திரை குடுக்குறாங்கண்ணே. அங்க போனா தெரிஞ்ச மூஞ்சி. அதான் மூணு பஸ் மாறி இங்க வர்றேன். டப்பா பையில கலகலன்னு சத்தம் போடும், பஞ்சு வெச்சு அடைச்சிருவேன்." அவர் உடம்பில் வைரஸ் அடங்கிவிட்டது. அந்தப் பஞ்சை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

5

1983இல் அமெரிக்காவின் டென்வரில், எய்ட்ஸுடன் வாழ்ந்த சிலர் ஒரு மாநாட்டு மேடையேறி, தங்களைப் 'பலியானவர்கள்' என்று அழைப்பதை மறுத்தார்கள். தங்களைப் பற்றிய முடிவு எங்கே எடுக்கப்பட்டாலும் தாங்கள் அங்கே இருக்க வேண்டும் என்றார்கள். இங்கே 1997இல் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் இந்திய வலைப்பின்னலும் 1998இல் சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் வலைப்பின்னலும் பிறந்தன. முழுமை என்ற சொல்லுக்கு உயிர் வந்தது இப்படித்தான். பராமரிக்கப்பட வேண்டியவர் என்று ஒதுக்கப்பட்டவர் முடிவெடுக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தபோது, தன் பக்கத்தில் இருப்பவருக்குத் தானே ஆலோசகரானபோது, நிபுணரின் கூட்டல் கணக்கு கலைந்துபோனது. கருணை அங்கே அரசியலாயிற்று.

நம் கதை வேறு. விளிம்பைப் பற்றி எழுதினோம், விளிம்பு நம் வீட்டுக்குள் வந்து டீ குடித்தபோது டம்ளரைப் பிரித்தோம். இந்தக் கட்டுரையிலும்கூட 'எடுத்துவைக்கப்பட்டது', 'பிரித்தோம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். வினைக்கு எழுவாய் இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் சொல்லாடலின் பழக்கம். பன்மைக்குள் ஒளிந்துகொள்வதும் அதே பழக்கம்தான்.

அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஆமாம் தோழர், அது உங்க டம்ளர்தான். தனியா எடுத்து வெச்சது நான்.