கலகத்தைப் பதனிடுதல்

எதிர்ப்பைத் தடைசெய்வதுதான் ஊடக அதிகாரத்தின் வேலை என்று நாம் பேசிவருகிறோம். அது பாதி உண்மைதான். 'சாட்டர்டே நைட் லைவ்' அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 1975 முதல் சனிக்கிழமை பின்னிரவில் நேரலையாக நடத்திவரும் நகைச்சுவை நிகழ்ச்சி. 1977 டிசம்பர் 17 அன்று அதில் எல்விஸ் காஸ்டெல்லோவின் ராக் குழு வாசித்தது. ஒப்புக்கொண்ட பாட்டைத் தொடங்கிய உடனே நிறுத்திவிட்டு, வானொலியைக் கைக்குள் வைத்திருப்போரைச் சாடும் 'ரேடியோ ரேடியோ'வைப் பாடினார் காஸ்டெல்லோ. என்.பி.சி.யின் அன்றைய முதலாளி ஆர்.சி.ஏ., பெயரிலேயே ரேடியோவைச் சுமந்த கம்பெனி. அப்புறம் 1989 வரை அவருக்கு அங்கே இடமில்லை.

1999இல் நிகழ்ச்சியின் வெள்ளிவிழா. 'பீஸ்டி பாய்ஸ்' வாசித்துக்கொண்டிருக்கையில் காஸ்டெல்லோ குறுக்கே புகுந்து நிறுத்தி, அதே பாட்டைப் பாடினார். இம்முறை எல்லாம் திட்டப்படி. ஒரே ஆள், ஒரே குறுக்கீடு. ஆனால் அன்றைக்குக் குற்றம், இன்றைக்குக் கொண்டாட்டம்.

மேல்விஷாரத்துத் தோல்ஷாப்பில் வேலை செய்கிறவருக்கு இது புதிசில்லை. பச்சைத்தோலை யாரும் வீசியெறிவதில்லை. உப்புப் போட்டு வைத்து, சுண்ணாம்பில் ஊறவிட்டு, மயிர் களைந்து பதனிட்டால் நாற்றம் போகும், விலை ஏறும். பன்னிரண்டு வருஷத் தடை அந்த உப்புதான். சரக்கு கெடாமல் பார்த்துக்கொண்டது.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராக்கையும் சேர்த்துச் சாதிக்கு எதிராக மேடையேற்றியது. இப்படிப்பட்ட குழுக்களைச் சேனல்காரர்கள் கூப்பிடட்டும், போகட்டும். எந்தப் பாட்டை முடிவுசெய்வது யார் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்போம். தாங்களே கேட்டு வாங்கும் கலகத்துக்கு அவர்கள் பயப்படப்போவதில்லை.