1616: நாடகம் நூலான ஆண்டு

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தின் பிற்பகுதியை ஆராய்வோர் 1616ஆம் ஆண்டை ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் மறைந்த ஆண்டாகவே பெரிதும் போற்றுவர். இருவரும் ஏப்ரல் 23 என்னும் ஒரே நாளில் மறைந்தனர் என்று எழுதுவாரும் உளர். அது பொருந்துவதன்று. ஸ்பெயின் அக்காலத்தே கிரெகோரியன் நாட்காட்டியை மேற்கொண்டிருந்தது. இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியையே வழங்கிற்று. இரண்டற்கும் இடையே 10 நாள் வேறுபாடு உண்டு. அன்றியும், 23ஆம் நாள் செர்வாண்டிஸ் அடக்கம் செய்யப்பெற்ற நாள் என்றும், அவர் மறைந்தது அதற்கு முதல் நாள் என்றும் கொள்வதே இன்றைய ஆராய்ச்சியாளர் கருத்து. அவ்வாண்டின் சிறப்பை இவ்விறப்புகளில் தேடுதல் வேண்டா. பென் ஜான்சன் வெளியிட்ட ஒரு பதிப்பில் தேடுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

லண்டனில் வில்லியம் ஸ்டான்ஸ்பி அச்சிட்ட அப்பெருநூலில் 9 நாடகங்களும், இரு கவிதைத் தொகுதிகளும், அரசவைக்கென எழுதிய கூத்துகளும் இடம்பெற்றன. அதற்கு அவர் இட்ட பெயர் ‘படைப்புகள்’ என்பது. இலத்தீன் பெரும்புலவர்க்கே உரியதென மதிக்கப்பட்ட பெயரை மேடை நாடகத்திற்குச் சூட்டியமை எள்ளலுக்கு இடமாயிற்று. அக்கால மனநிலை அத்தகையது. ஆக்ஸ்போர்டு நூலகத்தைப் புதுப்பித்த தாமஸ் பாட்லி, 1612இல் தம் நூலகர்க்கு விடுத்த மடலில், நாடகங்களைப் பஞ்சாங்கங்களோடு சேர்த்து ஒதுக்குமாறு கூறியுள்ளார்.

ஜான்சன் பழைய படிகளைத் தொகுத்ததோடு அமையவில்லை, திருத்தவும் செய்தார். 1598இல் நடிக்கப்பெற்ற ‘எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்’ 1601இல் அச்சானபோது அதன் களம் பிளாரன்ஸ் நகரம். மாந்தர் பெயர்களும் இத்தாலியப் பெயர்கள். 1616ஆம் ஆண்டுப் பதிப்பிலோ களம் லண்டன். பெயர்களும் ஆங்கிலப் பெயர்கள். இவ்விரு பாடங்களையும் ஒருங்கு வைத்துக் கற்பார்க்கு இரண்டாவது சிறந்ததெனத் தோன்றும். யாமும் அவ்வாறே கருதுகின்றோம்.

‘செஜானஸ்’ நாடகத்தின் நிலை வேறு. இது 1605இல் தனிநூலாக வந்தபோது, ஜான்சனே முன்னுரையில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார்: அச்சிட்ட நூல் மேடையில் நடித்ததனோடு முற்றும் ஒத்ததன்று, நடித்த நாடகத்தில் மற்றொருவர் கைக்கும் நல்ல பங்கு இருந்தது, அவர் எழுதிய பகுதிகளை நீக்கித் தம் எழுத்தையே அங்கு அமைத்துள்ளார். அம்மற்றொருவர் பெயரை அவர் கூறினாரல்லர். சாப்மன் என்பர் சிலர், ஷேக்ஸ்பியர் என்பர் வேறு சிலர், இரண்டும் உய்த்துணர்வே. 1616ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்முன்னுரையே இல்லை. அதனை மட்டும் கற்பவர் இந்நாடகம் முழுவதும் ஒருவர் ஆக்கம் என்றே கொள்வர். மேடையேறிய பாடம் இன்று கிடைத்திலது. வியப்பு யாதெனின், அதே பதிப்பில் நாடகந்தோறும் தலைமை நடிகர் பெயர்களை ஜான்சன் மறவாது குறித்துள்ளார். ‘செஜானஸ்’ நடிகர் வரிசையில் ஷேக்ஸ்பியர் பெயரும் உண்டு. நடித்தவர்க்குத் தந்த இடத்தை உடன் எழுதியவர்க்குத் தராமை எதனால்? ‘படைப்புகள்’ என்னும் பெயர் படைப்பவன் ஒருவனையே வேண்டி நின்றது போலும்.

இப்பதிப்பே 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதிக்கு வழிகாட்டிற்று என்பர். அத்தொகுதியின் 36 நாடகங்களுள் 18 அதற்குமுன் அச்சேறாதவை; ஆதலின் ஜான்சனுக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. ஆனால், அதனோடு அவருடைய குறையும் தொடர்ந்தது. ‘எட்டாம் ஹென்றி’யில் ஜான் பிளெட்சர்க்குப் பங்குண்டு என ஆராய்ச்சியாளருட் பெரும்பாலோர் இன்று கொள்கின்றனர். 1623ஆம் ஆண்டு நூல் அந்நாடகத்தை ஷேக்ஸ்பியர் ஒருவர் பெயராலேயே வெளியிட்டது. பிளெட்சர் பெயர் அதில் யாண்டும் இல்லை.