காப்பாற்றியவர்களே விற்கிறார்கள்

பரி நகரக் காற்பந்துக் கழகம் 2019-இல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது முதல் 2025-இல் காற்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது வரை இங்கிலாந்தில் நடந்த வாதங்களைக் கவனித்து வந்தவர்களுக்கு, ரசிகர்கள் டிரஸ்ட் ஒன்றை அமைத்துத் தம் கழகத்தைத் தாமே உடைமையாக்கிக்கொண்டால் அதன் சகல வியாதிகளும் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நம்பிக்கையில் பாதி நியாயமும் பாதி பிரமையும் கலந்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். 1992-இல் நார்தாம்ப்டன் டவுன் கடனில் மூழ்கியபோது பிரையன் லோமாக்ஸ் முதலியோர் தொடங்கிய டிரஸ்ட், ரசிகர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஒருவரை இயக்குநர் குழுவில் அமர்த்தியது சாமான்யமான சாதனையன்று. விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸுக்குப் பெயர்த்துக்கொண்டு போக அனுமதி கிடைத்தபோது, 2002-இல் அதன் ரசிகர்கள் புதிதாக நிறுவிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன் ஒன்பதே ஆண்டுகளில் லீக்கில் இடம்பிடித்தது. டிரஸ்ட் அமைக்கும் முறையும் எளிது: ஒரு பொதுக்கூட்டம், மாதிரி விதிகள், சமூகநலச் சங்கமாகப் பதிவு, அதிகம் கொடுத்தவருக்கும் கொஞ்சம் கொடுத்தவருக்கும் ஒரே வாக்கு.

என் நெடுநாளைய ஆட்சேபம் அந்த வாக்கைப் பற்றியதுதான். டிரஸ்ட் ஆபத்தில் பிறக்கிறது. அதன் விதிகளும் ஆபத்தின் அச்சத்திலேயே எழுதப்படுகின்றன. ஆகவே கடன் தீர்ந்து, மைதானம் நிரம்பி, வாசலில் ஒரு தனவந்தர் காசோலையுடன் வந்து நிற்கும் நாளைப் பற்றி அவ்விதிகள் வாய் திறப்பதில்லை. டிரஸ்ட்டின் சொத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளத் தடையுண்டு. கழகத்தை நல்ல விலைக்கு விற்கத் தடையில்லை. வாக்களிப்பவரோ ரசிகர், ஆடுகளத்தில் ஜயிப்பதே அவருடைய முதல் ஆசை.

போர்ட்ஸ்மத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2008-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அக்கழகம், 2010-இலும் 2012-இலும் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நீதிமன்ற நிர்வாகத்துக்குள் விழுந்தது. ஆளுக்கு 1,000 பவுன் போட்ட ரசிகர்கள், செல்வந்தர் சிலரின் துணையோடு 2013-இல் அதை வாங்கினார்கள். மறு ஆண்டே பழைய கடன்களைத் தீர்த்தார்கள். 2017 மே மாதத்தில் நான்காம் பிரிவின் சாம்பியன் ஆனார்கள். அதே மே மாதத்தில், டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு 56.7 லட்சம் பவுனுக்குக் கழகத்தை விற்கப் பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்பதற்கு இதைவிட நிதர்சனமான சான்று வேண்டுமா? 2024-இல் மூன்றாம் பிரிவிலும் வாகை சூடவில்லையா என்பார்கள். நல்ல முதலாளி வாய்த்தது அதிர்ஷ்டம்; ஏற்பாட்டின் சிறப்பன்று.

அந்த அதிர்ஷ்டம் இல்லாதவர்களின் கதை நாட்ஸ் கவுன்டி. 1862-இல் பிறந்த அந்தப் புராதனக் கழகத்தின் டிரஸ்ட், 2009-இல் தன் பங்குகளை மன்ட்டோ ஃபைனான்ஸ் என்னும் ஸ்தாபனத்துக்கு ஏறக்குறைய தானமாகவே வழங்கிற்று. புகழ்பெற்ற பயிற்சியாளர் ஸ்வென் கோரன் எரிக்சன் வந்தார்; தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை; அவ்வாண்டு முடிவதற்குள் கழகம் ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறியது. சிறுபான்மைப் பங்கோ அதனினும் துர்ப்பலம்: ஸ்வான்சியில் 21.1 சதவிகிதம் வைத்திருந்த டிரஸ்ட்டைப் புறத்தே நிறுத்திவிட்டு, மற்றப் பங்குதாரர்கள் 2016-இல் அமெரிக்கர்களுக்கு விற்றார்கள்.

எக்ஸிட்டர் சிட்டி 2003 முதல் இன்றுவரை டிரஸ்ட்டின் கையிலேயே இருக்கிறதே என்பது வழக்கமான பதில். உண்மைதான், ஆனால் ஒரு கழகத்தின் உறுப்பினர்கள் காட்டிய மனவுறுதியை ஏற்பாட்டின் பலமாகக் கணக்கெழுதலாகாது. உறுப்பினர்கள் சுயேச்சையாக விற்றார்கள், அதுவும் ஜனநாயகந்தானே என்று வாதிப்போரும் உண்டு. தர்மகர்த்தா கோயில் நிலத்தை விற்க ஊர்க்கூட்டம் கைதூக்கினால் போதும் என்று நாம் ஒப்புவோமா? இனி வரப்போகும் ரசிகர்களுக்கும் அதில் பாத்தியதை உண்டு. அவர்கள் சார்பில் அன்று யாரும் வாக்களிப்பதில்லை. புதிய சட்டமும் கழகத்தின் சின்னத்தையும் சட்டையின் நிறத்தையும் மாற்ற ரசிகர்களின் இசைவைக் கேட்கிறதே ஒழிய, முதலாளியை மாற்றக் கேட்பதில்லை.

ஆகவே டிரஸ்ட் அமைக்கப் புறப்படுவோருக்கு ஒரு வார்த்தை. முதல் கூட்டத்திலேயே, ஒருவரும் விலை கேட்டு வராத அந்த ஏழ்மை நாளிலேயே, மைதானத்தை விற்பனைக்கு அப்பாற்பட்ட தனிச் சங்கத்தின் பெயரில் எழுதிவையுங்கள். கழகத்தை விற்பதானால் ஓராண்டு இடைவெளியில் இருமுறை, மொத்த உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் சம்மதிக்க வேண்டுமென்று விதி செய்யுங்கள். அது முடியாதென்றால், டிரஸ்ட் என்ற பெயரை விட்டுவிட்டு, அடுத்த முதலாளிக்காகக் கடன் தீர்க்கும் சபை என்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.